கறுப்புக் கால் மெஷின்: ஒரு தையல்காரியின் மதிப்புரை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தையல் பழகி வீட்டிலிருந்தே சம்பாதிக்க நினைக்கிற பெண்கள் எந்த மெஷின் வாங்கலாம் என்று கேட்டால், இன்றைக்கும் இந்தக் கறுப்பு வார்ப்பிரும்புக் கால் மெஷினைத்தான் சொல்வேன். மோட்டார் மெஷினும் வேண்டாம், பூத்தையலெல்லாம் போடும் வெள்ளை பிளாஸ்டிக் மெஷினும் வேண்டாம். காரணம் சொல்ல மெஷினைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. அது எங்கிருந்து வந்தது, யார் யார் கைக்குப் போய் என்னவானது என்பதையும் பேச வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் சின்னாளப்பட்டிக்காரி. கைத்தறிச் சேலைக்குப் பேர்போன ஊர். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறேன். மதியத்துக்கு மேல் சில பெண்பிள்ளைகள் பழக வருவார்கள். அவர்களுக்காக இன்னொரு மெஷின் தேவைப்பட்டது. திண்டுக்கல்லில் மெஷினும் உதிரி பாகங்களும் விற்கிற ஒரு கடையில் வாங்கினேன். லூதியானாவில் செய்தது. தலை, ஸ்டாண்டு, பலகை, மூடி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். பிராண்டு பெயரை எழுதவில்லை. அந்த ஒரே வடிவத்தைப் பஞ்சாபில் பல கம்பெனிகள் வார்க்கின்றன. நான் பேசப்போவது அந்த வடிவத்தைப் பற்றி.

தலை நல்ல கனம். இரண்டு கையாலும் தூக்கித்தான் பலகையில் உட்காரவைக்க வேண்டும். இந்தக் கனம்தான் இதன் முதல் நல்ல குணம், வேகமாக மிதித்தாலும் நடுங்காது. வந்த அன்று எல்லா ஓட்டைகளிலும் எண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் பழைய துணியை வைத்து ரொம்ப நேரம் மிதித்தேன். புது மெஷினுக்குள் தேங்கியிருக்கும் கறுப்பு எண்ணெய் அப்போதுதான் வெளியே வரும். அதைச் செய்யாமல் யாருடைய பட்டு ஜாக்கெட்டையும் அதில் வைக்கக் கூடாது.

எங்கள் ஊர்ச் சேலையோடு வருகிற ஜாக்கெட் துணி வழுக்கும். 14-ஆம் நம்பர் ஊசி போட்டு, டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, கொஞ்சம் தளர்த்தியதும் சுருக்கமில்லாமல் போனது. கழுத்துப் பட்டியும் லைனிங்கும் மேல் துணியும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்கிற முனை இருக்கிறதே, பிளாஸ்டிக் மெஷின்கள் திணறுவது அங்கேதான். இது சத்தம்கூட மாறாமல் ஏறி இறங்கிவிட்டது. ஜீன்ஸ் கால் மடிக்க 18-ஆம் நம்பர் ஊசி போட்டு, பக்கத் தையல் குறுக்கே வரும் இடத்தில் மட்டும் வீலைக் கையால் தள்ளிக் கொடுத்தேன். ஊசி உடையவில்லை.

கரண்ட் போனாலும் வேலை நிற்காது என்பது எல்லோரும் சொல்லும் வசதி. எனக்கு அதைவிடப் பெரிது, வேகம் என் காலில் இருப்பது. ஜாக்கெட்டின் கையை உடலோடு சேர்க்கும் வளைவில் ஒவ்வொரு தையலாக இறக்கலாம், நினைத்த இடத்தில் ஊசியைத் துணிக்குள் நிறுத்தித் திருப்பலாம். பழக வருகிற பிள்ளையை முதல் நாளே மோட்டார் மெஷினில் உட்காரவைத்தால், துணி ஓடிவிடும், விரல் ஊசிக்கடியில் போய்விடும் என்ற பயத்திலேயே கை விறைத்துப்போகும். கால் மெஷினில் அந்தப் பயம் சீக்கிரம் தெளிந்துவிடுகிறது.

புது மெஷினை என் மாமியாரின் பழைய சிங்கர் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அதன் அடித்தட்டில் பொறித்திருக்கும் எண் ஒய் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அந்த வரிசையை வைத்து மெஷின் எங்கே எப்போது செய்தது என்று சொல்லிவிடலாம். ஒய் வரிசை, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவை அடுத்த கிளைட்பேங்க் தொழிற்சாலையில் 1920-களிலிருந்து 1930-களின் நடுப்பகுதி வரை செய்தவை. 1885-ல் அந்தத் தொழிற்சாலை ஓடத் தொடங்கியபோது உலகத்திலேயே பெரிய தையல் மெஷின் தொழிற்சாலை அதுதான். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்த்தார்கள், மெஷின்கள் கப்பலேறி எல்லாக் கண்டங்களுக்கும் போயின. 1980-ல் அதை மூடிவிட்டார்கள். ஊரில் சிங்கர் என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, இன்றைக்கும் ரயில் நிற்கிறது.

இப்போது நான் சொல்லப்போவது, இந்த மெஷினை வாங்கச் சொல்வதற்கான பெரிய காரணங்களில் ஒன்று. கீழ் நூல் சுற்றும் சின்ன உருளைதான் பாபின், அதை வைக்கும் கூடு பாபின் கேஸ். பழைய சிங்கரின் பாபின் புது மெஷினில் உட்காருகிறது. புது மெஷினின் பாபின் கேஸ் பழையதில் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஊசியும் அதேதான். ஏனென்றால் லூதியானாவில் வார்ப்பது சிங்கரின் 15-ஆம் வகுப்பு மெஷினின் வடிவத்தைத்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவான வடிவம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான்காரர்கள் அதையே எடுத்து லட்சக்கணக்கில் செய்து உலகம் முழுக்க ஏற்றுமதி செய்தார்கள். கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் 1930-களில் உஷா மெஷினோடு தொடங்கி வைத்தது, நம் நாட்டிலேயே மெஷின் செய்யும் வேலையை. பிறகு லூதியானா அதற்குப் பெரிய மையமானது. செய்த தொழிற்சாலை மூடி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அதன் பாகம் திண்டுக்கல் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. நம் வீட்டில் இருக்கும் வேறெந்தப் பொருளுக்கு இப்படிச் சொல்ல முடியும்? பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய கைபேசிக்கு பேட்டரி தேடிப் பாருங்கள், தெரியும்.

சரி, மெஷின் தைக்கிற விதத்துக்கு வருகிறேன். பழக வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் காட்டுவது ஊசியைத்தான். கைத்தையல் ஊசியின் கண் பின்பக்கம் இருக்கும், மெஷின் ஊசியின் கண் முனையிலேயே இருக்கும். மனிதர்கள் எலும்பிலும் கொம்பிலும் ஊசி செய்த காலத்திலிருந்து கண் பின்னால்தான் இருந்தது. முன்னே கொண்டுவந்ததும், ஊசி துணியை முழுக்கத் தாண்டிப் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. ஊசி இறங்கி ஏறும்போது துணிக்கடியில் ஒரு நூல் வளையம் உருவாகும். பாபினைச் சுற்றி அசையும் ஷட்டில் என்ற பாகத்தின் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்துப் பாபினைச் சுற்றிக் கொண்டுபோய் விடும். மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடுவில் பூட்டிக்கொள்ளும், இதுதான் பூட்டுத் தையல். ஒரு தையல் அறுந்தாலும் மற்றது பிரியாது.

இதைக் கண்டுபிடித்தவர் என்று ஒருவரை மட்டும் சொல்ல முடியாது. பிரான்சில் பார்த்தெலமி திமோனியே என்ற தையல்காரர் ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடும் மெஷினுக்கு 1830-ல் காப்புரிமை வாங்கினார். பாரிஸில் சுமார் எண்பது மெஷின்களை வைத்து ராணுவ உடுப்புத் தைத்தார். 1831-ல் கைத்தையல்காரர்கள் கூட்டமாகப் புகுந்து எல்லாவற்றையும் அடித்து நொறுக்கினார்கள். பிழைப்புப் போய்விடும் என்ற பயம். அவர் 1857-ல் வறுமையில் இறந்துபோனார். அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் என்பவர் 1830-களில் முனையில் கண் உள்ள ஊசியோடு மெஷின் செய்தும் காப்புரிமை கேட்கவில்லை. தையல் பெண்கள் பிழைப்பு கெடுமே என்று மகள் வருந்தியதால் விட்டுவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். நாம் சேலைக்குக் குத்தும் ஊக்கு இருக்கிறதே, அதுவும் அவர் செய்ததுதான், 1849-ல். பூட்டுத் தையலுக்குக் காப்புரிமை வாங்கியவர் எலியாஸ் ஹோவ், 1846-ல். ஐசக் சிங்கர் வந்தது அதற்கப்புறம், 1851-ல். ஆளாளுக்கு வழக்குப் போட்டுக்கொண்டு, கடைசியில் 1856-ல் ஹோவும், சிங்கர் உட்பட மூன்று கம்பெனிகளும் காப்புரிமைகளை ஒரே கூட்டில் போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

இதனால் வந்த மாற்றத்தைச் சொல்ல ஒரு கணக்குப் போதும். வீலர் அண்ட் வில்சன் என்ற கம்பெனி அந்தக் காலத்தில் வெளியிட்டது. ஆண்கள் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம், மெஷினில் 1 மணி 16 நிமிடம். விற்கிறவன் போட்ட கணக்குதான், இருந்தாலும் எனக்கு அதில் சந்தேகம் வரவில்லை. ஒரு லைனிங் ஜாக்கெட்டின் தையல் முழுவதையும் கையால் போட்டால் எத்தனை பொழுது ஆகும் என்று கைவேலை தெரிந்த யாரையும் கேளுங்கள். ஹூக் வைப்பது, ஹெம்மிங், இந்த மிச்சக் கைவேலைக்கே எனக்கு அரை மணிக்குமேல் ஆகிறது.

தவணை முறையும் இந்த மெஷினோடுதான் வீடு வீடாகப் போனது. சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856-ல் கொண்டுவந்த ஏற்பாடு அது. கொஞ்சம் முன்பணம், மிச்சத்தை மாதா மாதம். அந்த நாளில் ஒரு மெஷின் ஒரு சாதாரணக் குடும்பத்தின் பல மாத வருமானத்தை விழுங்கும். தவணை இல்லாவிட்டால் பணக்காரர் வீட்டுக் கூடத்தில் மட்டும் இருந்திருக்கும். அதில் வந்த வருமானத்திலேயே அதன் தவணையைக் கட்டலாம் என்பது மற்ற பொருள்களுக்கு இல்லாத குணம். இலங்கையில் சிங்கர் 1877-லேயே கால் வைத்துவிட்டது. இன்றைக்கு அங்கே அந்தப் பெயரில் ஃபிரிட்ஜும் டிவியும் தவணையில் வாங்குகிறார்கள். எங்கள் ஊர் மகளிர் குழுக்களில் பெண்கள் மெஷினுக்குக் கடன் எடுப்பதும் இதே கணக்கில்தான். தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் மெஷின் கொடுக்கிறார்கள். பணமாகவோ பாத்திரமாகவோ கொடுக்காமல் இதைக் கொடுப்பதில் ஒரு தெளிவு இருக்கிறது.

ஜாக்கெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், என் பிழைப்பே அதுதான். தைத்த மேலாடை நம் பெண்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததற்காகத் தெருவில் தாக்கப்பட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. 1820-களில் தொடங்கிய அந்தத் தோள்சீலைப் போராட்டம் 1859-ல் மன்னரின் பிரகடனம் வரும்வரை நீண்டது. அந்தப் பிரகடனத்திலும் குப்பாயம் என்ற தைத்த மேலாடை போடலாம், உயர்சாதிப் பெண்களைப்போல மட்டும் உடுத்தக் கூடாது என்று ஒரு பூட்டுப் போட்டிருந்தார்கள். போராடி வாங்கிய அந்த உரிமையை மெஷின் வாங்கித் தரவில்லை. உரிமை கிடைத்தபின் எல்லாப் பெண்களுக்கும் எட்டும் கூலியில் தைத்துக் கொடுத்தது மெஷின். அளவு ஜாக்கெட்டைப் பையில் சுருட்டிக்கொண்டு யார் வந்தாலும், எந்தத் தெருவிலிருந்து வந்தாலும், என் அளவு நாடா ஒன்றுதான். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊரை ஒட்டியிருக்கிறது காந்திகிராமம். 1947-ல் ஜி. ராமச்சந்திரனும் டாக்டர் சௌந்தரமும் தொடங்கியது. ராமச்சந்திரன் மாணவராக இருந்த காலத்தில், 1924-ல், டெல்லியில் காந்தியைச் சந்தித்துக் கேள்விகள் கேட்டார். மெஷின் எல்லாவற்றையும் எதிர்க்கிறீர்களா என்பது ஒரு கேள்வி. மெஷின்மீதான வெறியைத்தான் எதிர்க்கிறேன், மெஷினை அல்ல என்ற பொருளில் பதில் சொன்ன காந்தி, விதிவிலக்காக எடுத்துக்காட்டியது சிங்கர் தையல் மெஷினை. மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைத்துப்போவதைப் பார்த்து, அவள்மேல் கொண்ட அன்பால் சிங்கர் இதைச் செய்தார் என்றும் சொன்னார். மாணவர் விடவில்லை. அந்தத் தையல் மெஷினைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே, அதில் மின்சக்தியில் ஓடும் பெரிய மெஷின்கள் வேண்டுமே என்று மடக்கினார். வேண்டும்தான், அந்தத் தொழிற்சாலை நாட்டுடைமையாக இருக்க வேண்டும் என்றார் காந்தி.

சிங்கரைப் பற்றிய கதை உண்மையல்ல. அவர் நாடகக் கம்பெனி நடத்தியவர், பல பெண்களோடு பல குடும்பங்கள், இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். பணம் பண்ணத்தான் மெஷினைச் செய்தார், பண்ணியும் காட்டினார். காந்திக்கு யாரோ சொன்ன கதையாக இருக்கும். அதனால் அவர் சொன்ன கருத்துக்குக் குறை ஒன்றுமில்லை. மாணவர் கேட்ட இரண்டாவது கேள்வியைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். என் காலடியில் ஒருத்திக்குச் சோறு போடுகிற மெஷின், அது பிறந்த இடத்தில் மற்றவர்களை என்ன செய்தது?

கிளைட்பேங்கில் 1911 மார்ச் மாதம், மெஷின் பெட்டிகளுக்கு மெருகு போடும் பெண்கள் சிலர் வேலையை நிறுத்தினார்கள். நிர்வாகம் ஆளைக் குறைத்து அதே வேலையை மிச்சமுள்ளவர்கள் தலையில் கட்டியிருந்தது, கூலி கூடவில்லை. அவர்களுக்காகத் தொழிற்சாலையே வெளியே வந்தது, பத்தாயிரம் பேர் அளவுக்கு. சில வாரங்களில் போராட்டம் தோற்றது. முன்னின்ற பலரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அதே மார்ச் மாதம் 25-ஆம் தேதி, கடலுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில், டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. அந்தக் காலத்து நியூயார்க் சட்டைப் பட்டறைகளில் ஊசிக்கும் மின்சாரத்துக்கும்கூடக் கூலியில் பிடித்தம் செய்வது நடந்திருக்கிறது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தது, மறுநாள் காலை வேலைக்கு உள்ளே போகச் சொன்னார்கள். அவர்கள் போட்டதும் பூட்டுத் தையல்தான். நான் போடுவதும் அதுதான்.

திருப்பூரில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு பெண் என்னிடம் பழக வந்தாள். கை அவ்வளவு வேகம். பவர் மெஷினில் கையை உடம்போடு சேர்ப்பது மட்டும்தான் அவள் வேலை, காலையிலிருந்து ராத்திரிவரை. “அக்கா, இத்தனை வருஷத்தில் ஒரு முழுச் சட்டை நான் தைத்ததே இல்லை” என்றாள். நிமிடத்துக்கு ஐயாயிரம் தையல்வரை ஓடக்கூடிய மெஷினில் உட்கார்ந்தவளுக்கு, அளவு எடுக்கத் தெரியவில்லை, வெட்டத் தெரியவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்த வேலைக்குத் தேவையும் இல்லை. கால் மெஷினில் முதல் ஜாக்கெட்டை முடித்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்றைக்கு அவள் தெருவில் அவளே தைத்துக் கொடுக்கிறாள்.

இதற்காகத் திருப்பூர் வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தச் சம்பளம் எத்தனையோ வீடுகளில் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறது, தம்பி தங்கைகளைப் படிக்கவைத்திருக்கிறது. வீட்டுத் தையலும் சொர்க்கம் கிடையாது. தீபாவளிக்கு முந்தின வாரம் தூக்கமே இருக்காது. கூலியில் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்கள், துணியைக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்கள், எல்லாம் உண்டு. என் கருத்து இதுதான்: மெஷின் யாருடையது, கூலியை யார் சொல்வது, எப்போது எழுந்திருக்கலாம் என்பது யார் கையில் இருக்கிறது, இந்த மூன்றையும் பார்க்காமல் தையல் மெஷின் பெண்களை முன்னேற்றியது என்றோ ஒடுக்கியது என்றோ பேச முடியாது. கால் மெஷினில் இந்த மூன்றுக்கும் பதில் நான்தான். ஒன்பதாயிரம் ரூபாயில் அதைத் தருகிற மெஷின் வேறு இல்லை.

குறைகளுக்கு வருகிறேன். பழைய சிங்கர் ஓடும் சத்தம் ஒரே சீராக, அமைதியாக இருக்கும். புதியது முதல் சில வாரம் கரகரவென்றது. ஷட்டில் இருக்கும் இடத்தைத் திறந்து பார்த்தால் உலோக விளிம்பு சரியாக வழவழப்பாக்கப்படவில்லை. அங்கேதான் நூல் உரசி அறுந்தது. மெக்கானிக் தம்பி வந்து மெல்லிய எமரித் தாளால் தேய்த்துவிட்டபிறகு சரியானது. அந்தப் பழைய வார்ப்பின் நேர்த்தி இதில் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பலகை அடுத்த குறை. மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை, மேலே மைக்கா. ஓரத்தில் மைக்கா பிரிந்தால் ஈரத்தில் உப்பிவிடும். மாமியாரின் மெஷினில் இருப்பது தேக்கு, மூன்று தலைமுறை ஆகியும் அசையவில்லை. கொஞ்சம் கூடக் கொடுத்து மரப்பலகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். கூட வந்த பெல்ட் புதிதில் இழுபட்டு நழுவும், ஒரு விரல் அளவு வெட்டிக் கொக்கியை மறுபடி மாட்ட வேண்டும். பாபினில் நூல் சுற்றும் இடத்து ரப்பர் வளையம் மட்டமானது, நான் உடனே மாற்றிவிட்டேன். சேலை ஓரத்துக்குப் பிக்கோ, பிசிறுக்கு ஓவர்லாக் இதில் முடியாது, பட்டன் துளைக்குக் காஜா போடவும் தனி மெஷின்தான். பிசிறு அடிக்க வெளியே கொடுக்க வேண்டும். நேர்த்தையல் மட்டும்தான் இதன் வேலை.

உடம்பையும் பார்க்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள், இடுப்பில் ஆபரேஷன் செய்தவர்கள் நாள் முழுக்க மிதிக்கக் கூடாது. இதே தலையில் சின்ன மோட்டாரைப் பொருத்திக்கொள்ளலாம், அதற்கான இடம் பின்பக்கம் வார்ப்பிலேயே இருக்கிறது. நான் சொல்வது, முதல் வருஷம் மிதித்துப் பழகுங்கள், அப்புறம் மோட்டார் போடுங்கள். போட்டாலும் பெல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஆர்டர் பெருகி ஒரு நாளைக்கு பத்துப் பன்னிரண்டு உருப்படி தைக்கிற நிலை வந்தால் மட்டும் பவர் மெஷின் பக்கம் போகலாம். நாங்கள் அதை ஜுக்கி மெஷின் என்றே சொல்வோம். ஜுக்கி என்பது 1938-ல் டோக்கியோவில் ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்யத் தொடங்கி, போர் முடிந்தபின் தையல் மெஷினுக்கு மாறிய கம்பெனி.

கடையில் வாங்கும்போது இவற்றைப் பாருங்கள். வீலைக் கையால் மெதுவாக முழுச் சுற்றுச் சுற்றுங்கள், எங்கேயும் இறுகக் கூடாது. ஊசி தட்டின் ஓட்டைக்கு நட்ட நடுவில் இறங்க வேண்டும். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை இறக்கி ஒரு தாளை வைத்து நூலில்லாமல் ஓட்டிப் பாருங்கள், ஓட்டைகள் நேர்கோட்டில் விழ வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் துணியை நகர்த்தும் பல் சரியாக உட்காரவில்லை. ஸ்டாண்டைத் தலை இல்லாமல் தரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள், நான்கு காலும் தொட வேண்டும். மிதியிலிருந்து பெரிய வீலுக்குப் போகும் கம்பியில் ஆட்டம் இருந்தால் அந்த ஸ்டாண்டு வேண்டாம், வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள். கூடவே 14, 16, 18 மூன்று நம்பரிலும் ஊசி, நாலு பாபின், ஒரு மிச்ச பாபின் கேஸ், மெஷின் ஆயில் வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயை மட்டும் விடாதீர்கள், உள்ளே பிசினாக இறுகிக்கொள்ளும்.